சுவர் நிற்கும் வரை சமாதானம் ஏது?

தணிகை என்றால் தணிந்த இடம். சூரபன்மனோடு நடந்த போரும், வள்ளியின் பொருட்டு வேடுவரோடு நடந்த பூசலும் முடிந்தபின், முருகன் சினம் தணிந்து வந்து அமர்ந்த குன்று இதுவென்று புராணம் பேசுகிறது. செருத்தணி என்பதே திருத்தணி ஆயிற்று என்பார்கள். செரு என்றால் போர். போர் தணிந்த ஊர்! பெயரிலேயே அமைதியைத் தாங்கி நிற்கும் ஊர் தமிழகத்தில் வேறு எத்தனை உண்டு?

ஆனால் ஒரு கேள்வி. தணிந்தது யாருடைய சினம்? வென்றவனுடைய சினம்! தோற்றவன் நெஞ்சில் என்ன இருந்தது, வேடுவர் குடியில் எத்தனை வீட்டில் அழுகுரல் கேட்டது என்று எந்தப் புராணிகரும் கதை நடுவே நிறுத்திக் கேட்டதில்லை. வென்றவன் இளைப்பாறினால் அதற்குப் பெயர் அமைதி. தோற்றவன் வாய் மூடினால் அதற்கும் பெயர் அமைதி. அமைதி என்ற சொல் உலகெங்கும் இப்படித்தான் பெரும்பாலும் வழங்கி வருகிறது.

டிசம்பர் 31ஆம் நாள் இரவு இந்தக் குன்றின் 365 படிகளுக்கும் பூசை செய்து, திருப்புகழ் பாடி ஏறுகிறார்கள் பக்தர்கள். அதே இரவில் தமிழகத்துத் தேவாலயங்களில் மணி ஒலிக்கிறது. புத்தாண்டு வழிபாட்டில் சமாதானம் வேண்டிச் செபம் எழுகிறது. மலைமேல் இருப்பவரின் அமைதியைப் பற்றி நமது இயக்கம் நிறையப் பேசியிருக்கிறது, இன்னும் பேசும். இன்று மணி ஒலிக்கும் இடத்துக்குச் செல்வோம். சமாதானம், சமாதானம் என்று கூறுகிறார்களே, அந்தச் சொல்லுக்கு அவர்கள் வேதம் தரும் பொருள் என்ன? அவர்கள் வீதி தரும் பொருள் என்ன? இரண்டும் ஒன்றுதானா?

கிறித்துவ அன்பர்கள் சீற வேண்டாம். பிறர் கொள்கையை அதன் சிறந்த வடிவத்தில் எடுத்துக்கொண்டுதான் பகுத்தறிவாளன் வாதிட வேண்டும். ஆகவே, அவர்கள் தரப்பை அவர்களைவிடச் சற்று உரக்கவே எடுத்துரைக்கிறேன்.

எபிரேய மொழியில் அமைதிக்கு உரிய சொல் ‘ஷாலோம்’. சண்டை இல்லாமை என்பது மட்டும் அதன் பொருளன்று. குறைவின்மை, நிறைவு, நலம், ஒருவரோடு ஒருவர் சரியான உறவில் நிற்றல், இவையாவும் அதில் அடங்கும். நீதி விளைந்த நிலத்தில்தான் அமைதி விளையும் என்பது ஏசாயா நூலின் கருத்து. ஆறாத புண்ணை மேலே மூடிவிட்டு, இல்லாத அமைதியை இருப்பதாகச் சொல்லித் திரிவோரை எரேமியா சாடுகிறார். இது பழைய ஏற்பாடு.

இனி ஏசுவின் காலம். அப்போது உலகை ஆண்டது உரோமப் பேரரசு. அந்தப் பேரரசும் ஓர் அமைதியைப் பறைசாற்றியது. அகஸ்டஸ் சீசருக்காக உரோமாபுரியில் அமைதிக்கென்றே ஒரு பலிபீடம் கட்டி, கி.மு. 9இல் திறந்தார்கள். படை நடத்திப் பெற்ற அமைதி. வரி வாங்கிக் காத்த அமைதி. எதிர்த்தவனைச் சிலுவையில் அறைந்து நிலைநாட்டிய அமைதி! சிலுவை என்பது அன்றைக்குக் கழுத்தில் அணியும் அணிகலன் அன்று. அடிமைகளும் கலகக்காரரும் அடங்கியிருக்க வேண்டும் என்பதற்காகச் சாலையோரத்தில் நட்டுவைத்த எச்சரிக்கை மரம். நாசரேத்துத் தச்சன் மகன்மீது பிலாத்துவிடம் சுமத்தப்பட்ட குற்றம் என்ன? மக்களைத் தூண்டிவிடுகிறான் என்பது. அதாவது, ஊர் அமைதியைக் கெடுத்தவன் என்பது! அமைதியைக் குலைத்தவன் என்று கொல்லப்பட்டவனைத்தான் சமாதானப் பிரபு என்று இன்று பாடுகிறார்கள். இந்த முரணை மறக்காதவனுக்கே கிறித்துவச் சமாதானத்தின் பொருள் விளங்கும்.

சமாதானத்தை அன்று, வாளையே கொண்டுவந்தேன் என்ற கருத்தில் ஏசு கூறியதாக மத்தேயு எழுதி வைத்திருக்கிறாரே, அது என்ன என்று நம் தோழர்கள் மேடைகளில் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்வியே. பாதிரிமார் அதற்குப் பல விளக்கம் கூறுவர். ஆனால் அந்தக் கூற்றை வெட்கத்தோடு மறைப்பானேன்? அநீதியின்மேல் போர்த்திய அமைதிப் போர்வையைக் கிழித்தால் வீட்டுக்குள்ளேயே பிளவு வரும். தந்தையும் மகனும் எதிரெதிரே நிற்பர். அந்தப் பிளவுக்கு அஞ்சாதே என்று அதற்குப் பொருள் கொள்ளலாமே! பிளவுக்கு அஞ்சியவர்கள் எதைச் செய்தார்கள் என்பதைத்தான் பின்னே காணப்போகிறோம்.

இன்னும் இரண்டு இடங்களைச் சுட்ட வேண்டும். ஒன்று, மலைப்பொழிவு. நீ காணிக்கை கொண்டு பீடத்தண்டை நிற்கும்போது, உன்மேல் உன் சகோதரனுக்கு மனக்குறை உண்டென்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்பது அங்கே கூறப்படும் கட்டளை. குறை யாருக்கு? சகோதரனுக்கு. நடந்து போக வேண்டியவர் யார்? குறைக்குக் காரணமானவர். முதலில் எது? வழிபாடு அன்று, ஒப்புரவு!

மற்றொன்று, எபேசியருக்கு எழுதிய திருமுகம். யூதன் என்றும் புறவினத்தான் என்றும் பிரிந்து கிடந்த இரு கூட்டத்தாரைக் கிறிஸ்து ஒன்றாக்கினார் என்றும், இடையில் நின்ற பிரிவினைச் சுவரை இடித்தார் என்றும், அவ்வாறு இடித்ததாலேயே அவர் சமாதானம் ஆனார் என்றும் அந்தத் திருமுகம் விளக்குகிறது. கருத்தூன்றிப் படியுங்கள், தோழர்களே! சுவர் என்பது வெறும் உவமை அன்று. எருசலேம் கோயிலில் புறவினத்தார் உள்ளே வராதபடி ஒரு தடுப்புச் சுவர் உண்மையாகவே இருந்தது. தாண்டி வரும் அந்நியனுக்குச் சாவு நிச்சயம் என்று கிரேக்க மொழியில் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கல்வெட்டை 1871இல் எருசலேமில் கண்டெடுத்தார்கள். ஆக, சமாதானம் என்றால் என்ன என்று கிறித்துவ வேதத்தைக் கேட்டால், அது தரும் விடை மூன்றே சொல்: தடுப்புச் சுவரை இடி!

அந்தக் கல்வெட்டு கிடைத்த மறு ஆண்டு, 1872. இடம், திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளம். ஏசு சபைப் பாதிரிமாரின் பழம்பெரும் பங்கு. அங்கே பரலோக மாதாவுக்கு ஒரு புதிய கோயில் எழும்பியது. எப்படிப்பட்ட கோயில்? பீடம் ஒன்று, ஆனால் மக்கள் நிற்கும் கூடம் இரண்டு! பீடத்திலிருந்து இரு கால்களாகப் பிரிந்து செல்லும் கட்டடம். ஒரு காலில் வேளாளர் முதலிய மேல்சாதியார், மறு காலில் நாடார் முதலியோர், நடுவே சுவர். காற்சட்டைக் கோயில் என்று கேலிப் பெயரே வந்துவிட்டது. பீடத்தில் நிற்கும் குருவானவர் கண்ணுக்கு இரு பக்கத்தாரும் தெரிவர். ஒரு பக்கத்தார் கண்ணுக்கு மறுபக்கத்தார் தெரியமாட்டார்! ஆண்டவர் அருளைப் பங்கிட ஒரே பாத்திரம். மனிதரைப் பங்கிட ஒரு சுவர். சாதிச் சச்சரவு இன்றி அமைதியாகப் பூசை நடக்க வேண்டாமா? அதற்குக் கொத்தனாரும் சுண்ணாம்பும் கண்டுபிடித்துத் தந்த சமாதானம் அது.

இந்த நோய் அந்த ஊரில் தொடங்கியதன்று. 1606இல் மதுரைக்கு வந்தார் இராபர்ட் டி நொபிலி. தத்துவ போதகர் என்று பெயர் பூண்டார், காவி உடுத்தார், மேல்சாதியாரிடம் பழகுவதற்காகக் கீழ்ச்சாதியார் என்று தள்ளப்பட்டோரை விட்டு விலகி வாழ்ந்தார். பூணூலும் குடுமியும் மதச் சின்னங்கள் அல்ல, சமுதாய வழக்கங்களே என்று வாதிட்டார். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி நிபந்தனைகளோடு அவற்றை அனுமதித்தார். நொபிலியின் தமிழ்ப்பணியை நாம் மறுக்கவில்லை. உரைநடைக்கு அவர் செய்தது ஒரு தொண்டு. ஆனால் ஏசுவைக் கொண்டுவந்தவர் வருணத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார் என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

சீர்திருத்தச் சபையார் மட்டும் தப்பினரா? 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். விளைவு? தஞ்சையிலும் வேப்பேரியிலும் கொந்தளிப்பு! ஒரே கிண்ணத்தில் திராட்சை இரசம் பருக மறுத்தோர் பலர். சபை மாறியோர் பலர். தஞ்சை வேதநாயக சாத்திரியார், அருமையான கீர்த்தனைகள் பாடிய அந்தப் புலவர், அதற்கு முன்பே சாதி வழக்கத்துக்காக ஏடெழுதி வாதாடியவர். கிறிஸ்துவுக்காகத் தம் பழைய தெய்வங்களை விட்டார்கள். சாதிக்காகக் கிறிஸ்துவையும் விடத் துணிந்தார்கள். எந்தக் கடவுள் பெரிய கடவுள் என்பது அன்றே தெரிந்துபோயிற்று!

இங்கே நம் தமிழ்ச் சொல்லைச் சற்று ஆராய்வது நல்லது. சீர்திருத்தச் சபையாரின் பரிசுத்த வேதாகமம் சமாதானம் என்று கூறுகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அமைதி என்கிறது. அமைதி நல்ல தமிழ்; மகிழ்ச்சி. ஆனால் சமாதானம் என்ற வடசொல் தமிழ்நாட்டுத் தெருவில் நூற்றாண்டுக் கணக்கில் அடிபட்டு ஒரு தனிப்பொருளைப் பெற்றுவிட்டது. களத்துமேட்டில் கூலி கேட்டவனை அடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர் வருகிறார். யாரிடம் பேசுகிறார்? அடித்தவரிடமா? இல்லை, அடிபட்டவனிடம்! ‘நடந்தது நடந்துபோச்சு, சமாதானமாகப் போய்விடு’ என்கிறார். கையை ஓங்கியவனுக்கு யாரும் சமாதானம் கூறுவதில்லை. குனிந்தவனுக்கே அது ஓதப்படுகிறது. சேரிக்கும் ஊருக்கும் தகராறு என்றால் வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை கூட்டுவார்கள். 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தாழ்த்தப்பட்டோர் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் வரக்கூடாதென்று ஊரார் மறித்தபோது, பல பேச்சுக்குப் பின் கண்ட முடிவு என்ன? கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார்கள்! உரிமை கேட்டவனுக்கும் பூட்டு, உரிமையைப் பறித்தவனுக்கும் பூட்டு, அதன் பெயர் அமைதி. மறு ஆண்டு உயர்நீதிமன்ற ஆணையின்படிதான் கதவு திறந்தது.

இந்தத் தெருச் சமாதானத்தைத்தான் திருச்சபை தன் சமாதானமாக ஏற்றுக்கொண்டுவிட்டது என்பது என் குற்றச்சாட்டு. ஷாலோம் எருசலேமிலிருந்து புறப்பட்டது. தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது பண்ணையார் வீட்டுச் சமாதானம்!

2008ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆண்டில் மூன்று திங்கள்கள் மூன்று பாடம் கூறின.

மார்ச். உளுந்தூர்பேட்டைக்கு அண்மையிலுள்ள எறையூர். கத்தோலிக்கர் நிறைந்த ஊர். ஒரே மாதா, ஒரே செபமாலை, ஒரே ஞானஸ்நானம். ஆனால் தாழ்த்தப்பட்ட கிறித்துவருக்கு ஒதுக்கம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர்கள், எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று கேட்டார்கள். சமத்துவம் கேட்டு அலுத்து, பிரிவினை கேட்கும் நிலைக்கு அவர்களைத் தள்ளியது யார்? அந்தக் கோரிக்கைக்கும் பொறுக்கவில்லை. 9ஆம் நாள் தாக்குதல் நடந்தது, வீடுகள் சேதமாயின, காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது, வன்னியர் கிறித்துவர் இருவர் மாண்டனர். சாதி, மிதிக்கப்படுபவனை மட்டும் கொல்வதில்லை; தன்னைத் தோளில் சுமப்பவனையும் கொல்லும். ஏசுவின் திருப்பாடுகளை நினைந்து நோன்பு இருக்கும் தவக்காலத்தில் இது நடந்தது.

மே. மதுரை மாவட்டம் உத்தப்புரம். அங்கே கிறித்துவம் இல்லை, இந்துக்கள்தாம். 1989 கலவரத்துக்குப் பின், ஊர் ஒப்பந்தத்தின் பெயரைச் சொல்லி ஒரு நெடுஞ்சுவர் எழுப்பினார்கள். ஒப்பந்தமாம்! சமாதானத்தின் அடையாளமாம்! ஏறத்தாழ இருபது ஆண்டு நின்ற அந்தச் சுவரின் ஒரு பகுதியை 6ஆம் நாள் அரசு இடித்துப் பாதை திறந்தது. அரசு இடித்த சுவர் இந்துக்களின் சுவர். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்த கிறித்துவரைச் சாதி பார்த்துப் பிரித்துப் படுக்க வைத்த சுவரோ, அதை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்தபின்னரும் மனசாட்சியைக் குத்தும் முள்ளாகவே இருந்து வந்தது. உயிர்த்தெழும் நாளில் எந்தப் பக்கத்துக் கல்லறை முதலில் திறக்க வேண்டும் என்று வானதூதருக்கும் சாதிச் சான்றிதழ் காட்டுவார்களோ?

ஆகஸ்டு. ஒரிசாவின் கந்தமால். ஒரு சாமியாரைக் கொன்ற பழியைக் கிறித்துவர்மேல் ஏற்றி, மதவெறிக் கும்பல் ஊர் ஊராகப் புகுந்தது. கோயில்கள் எரிந்தன, பலர் கொல்லப்பட்டனர், பல்லாயிரவர் வீடிழந்து முகாம்களில் கிடந்தனர். அடிபட்டவர் யார்? பெரும்பாலும் பாணர் என்னும் தாழ்த்தப்பட்ட மக்களும், ஆதிவாசிகளும்.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். தாழ்த்தப்பட்ட கிறித்துவன் தன் கோயிலுக்குள் நின்றால் தாழ்த்தப்பட்டவன் என்று தள்ளப்படுகிறான். கோயிலுக்கு வெளியே வந்தால் கிறித்துவன் என்று கொளுத்தப்படுகிறான். அரசிடம் போய் நின்றால், நீ தாழ்த்தப்பட்டவனே அல்லன் என்று திருப்பி அனுப்பப்படுகிறான்! 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதியினர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதாரை அப்பட்டியலிலிருந்து விலக்கியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்துவருக்கும் இசுலாமியருக்கும் திறக்கவில்லை. மதம் மாறினால் சாதி போய்விடும் என்று வாதிடும் அரசு வழக்கறிஞர், எறையூருக்கு ஒருமுறை போய்வந்தால் நல்லது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் இந்த விலக்கை நீக்கச் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்தில் நம் இயக்கத்தின் குரல் ஒலித்தது என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

இனி மறுப்புரைகளுக்கு வருவோம்.

கிறித்துவ நண்பர் கூறுவார்: ‘ஐயா, ஏசு அருளும் சமாதானம் உள்ளத்துக்குள் இருப்பது. அதை ஏன் தெருவில் தேடுகிறீர்?’ உள்ளத்துக்குள் மட்டுமே இருப்பதாயின், பூசையில் நற்கருணைக்கு முன்பாக ஒருவருக்கொருவர் கைகூப்பி அமைதி பகிர்ந்துகொள்ளச் சொல்வது ஏன்? பகிர்வதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள் சுவருக்கு அப்பால் நின்றால், நீர் யாரை நோக்கிக் கைகூப்புகிறீர்? சுவரை நோக்கியா? பசித்தவன் உள்ளத்தில் அமைதி, மிதிபட்டவன் உள்ளத்தில் அமைதி என்று போதிப்பது மருந்தன்று, மயக்கம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போல, முழுச் சுவரை மனத்தில் மறைக்க முடியாது.

இன்னொருவர் கூறுவார்: ‘பொறுமை வேண்டும். அவசரப்பட்டால் சபை பிளந்துவிடும்.’ எத்தனை நூற்றாண்டுப் பொறுமை? 1963 ஏப்ரலில் ஒரு வாரத்துக்குள் இரண்டு கிறித்துவ ஏடுகள் உலகுக்குக் கிடைத்தன. 11ஆம் நாள் போப் இருபத்துமூன்றாம் அருளப்பர் உலக அமைதி பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். உண்மை, நீதி, அன்பு, சுதந்திரம் என்ற நான்கின்மேல் எழாத அமைதி வெறுஞ்சொல் என்பது அதன் சாரம். 16ஆம் நாள், அமெரிக்காவின் பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் ஒரு மடல் எழுதினார். யாருக்கு? போராட்டம் காலப் பொருத்தமற்றது, பொறுத்திருங்கள் என்று கூறிய வெள்ளைச் சமயத் தலைவர்களுக்கு. கொந்தளிப்பு இல்லாமையை மட்டும் அமைதி என்று கருதி, நீதி இருத்தலே அமைதி என்பதை மறக்கும் நிதானவாதிகளே வெளிப்படையான வெறியரைவிடப் பெரிய தடை என்று அவர் வேதனையோடு எழுதினார். போப்பும் பாதிரியாரும் சொன்னது. நாத்திகன் சொன்னால்தான் கசக்கும். இவர்கள் சொன்னதையாவது கேட்கலாமே!

சபை பிளந்துவிடும் என்ற அச்சத்துக்கு வரலாறே விடை தருகிறது. 1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும், பிரஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனல் சபையாரும் ஒன்றாயினர். ஆயர் வேண்டும், வேண்டாம் என்று ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் நடந்த சண்டையை இங்கே சென்னையில் தீர்த்துக்கொண்டார்கள். உலகக் கிறித்துவர் வியந்தனர். இலண்டன் சண்டைக்குச் சமாதானம் காண முடிந்தவர்களுக்கு, ஊருக்கும் சேரிக்கும் நடுவே சமாதானம் காண முடியவில்லையா? முடியவில்லை என்பதன்று, வேண்டியிருக்கவில்லை!

மூன்றாவது மறுப்பு, நம்மூர்க்காரரிடமிருந்து வரும்: ‘தேவாலயத்தைக் குறை கூறுகிறாயே, உன் மலைக்கோயிலில் என்ன வாழ்கிறது?’ நேர்மையான கேள்வி. அங்கே வாழ்வது இன்னும் மோசமானது. கருவறை வாசலில் பிறப்புக் கேட்கும் ஆகமம், அந்தப் பேதத்தை வேத விதி என்று வெளிப்படையாகக் கூறுகிறது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராக வேண்டும் என்று பெரியார் தம் நெஞ்சில் தைத்த முள்ளாகக் கொண்டு போராடினார். கலைஞர் ஆட்சி 1970இல் சட்டம் கொண்டுவந்தது, வழக்குகள் மறித்தன, 2021 ஆகஸ்டில்தான் பயிற்சி பெற்ற அனைத்துச் சாதி அர்ச்சகர்களுக்குப் பணி ஆணை வழங்கப்பட்டது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வைதிகம் சமத்துவத்தை வாக்களிக்கவில்லை. ஆகவே அதை வேரோடு எதிர்க்கிறோம். கிறித்துவம் வாக்களித்தது, ஆகவே வாக்கை நிறைவேற்று என்று கேட்கிறோம். கடனே வாங்காதவனிடம் பேசும் பேச்சு வேறு. கடன் சீட்டில் கையெழுத்திட்டவனிடம் பேசும் பேச்சு வேறு.

சாதியை அமைதி என்று காட்டும் வித்தை தேவாலயத்துக்கு மட்டும் சொந்தமன்று. இந்தத் திருத்தணியில் 1888இல் பிறந்த டாக்டர் இராதாகிருட்டிணன், லுத்தரன் பள்ளியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றவர். 1926இல் ஆக்ஸ்போர்டில் அவர் ஆற்றிய உரைகள் மறு ஆண்டு நூலாயின. பிற நாடுகள் தோற்ற இனத்தை அழித்தன. இந்து சமுதாயமோ அழிக்காமல் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் இடம் தந்து இணங்கி வாழ வழி செய்தது, அதுவே சாதி அமைப்பின் பிறப்பு என்ற முறையில் அங்கே விளக்கம் தந்தார். தீண்டாமையை அவர் கண்டித்தவர்தாம், மறுக்கவில்லை. அவர் பிறந்த நாளை ஆசிரியர் நாளாகக் கொண்டாடும் கூட்டத்தில் நானும் ஒருவன். ஆயினும் கேட்கிறேன்: இடம் தந்தார்கள், சரி, எந்த இடம்? மலத்தொட்டியின் அருகில் ஓர் இடம், சுடுகாட்டுப் பாதையில் ஓர் இடம்! அழிக்காமல் விட்டதே அருள் என்றால், கூண்டில் அடைத்த கிளிக்கும் அதே அருள் கிடைத்திருக்கிறது. வடக்கன்குளத்துச் சுவரைக் கட்டிய கையும், சாதியை இணக்கம் என்று விளக்கிய கையும் ஒரே ஏட்டிலிருந்துதான் பாடம் படித்தன.

நான்காவது மறுப்பு மிக நுட்பமானது: ‘கிறித்துவரை வெறுக்கும் கூட்டம் வலுத்துவரும் நாளில் இதைப் பேசலாமா? அவர்களுக்கு உதவியாகாதா?’ ஆகாது! கந்தமாலில் தீ வைத்தவன் தாழ்த்தப்பட்டவனுக்காக அழுபவன் அல்லன். திரும்பி வா என்று அழைப்பவன், எந்தத் தெருவுக்குத் திரும்ப வேண்டும் என்று மட்டும் கூறுவதில்லை. தேவாலயம் கொளுத்தப்படும்போது அதன் வாசலில் முதலில் நிற்க வேண்டியவன் பகுத்தறிவாளன். மனிதனுக்குத் தன் நம்பிக்கையோடு வாழும் உரிமை உண்டு என்பதற்காக. அதே தேவாலயத்துக்குள் சுவர் நிற்கும்போது, இடி என்று உரக்கக் கூற வேண்டியவனும் அவனே. எதிரி கேட்டுவிடுவான் என்று வீட்டுப் புண்ணை மறைத்தவர் எவரும் பிழைத்ததில்லை.

நம்பிக்கை இல்லாத இருட்டைக் காட்டி இதை முடிக்க நான் விரும்பவில்லை. சுவரைக் கட்டியவர்களுக்குள்ளேயே இடித்தவர்களும் தோன்றினர். வடக்கன்குளத்தில் கௌசானல் அடிகளார் 1910இல் அந்தத் தடுப்புச் சுவரை இடித்தார். மேல்சாதிக் கிறித்துவர் வழக்குப் போட்டனர், சென்னை உயர்நீதிமன்றம் வரை இழுத்தனர், தோற்றனர். ஆ. சிவசுப்பிரமணியன் தம் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் அந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். இளைஞர் படிக்க வேண்டும். சுவர் விழுந்த நாளில் ஊர் அமைதி குலைந்தது உண்மை. ஆனால் அந்தக் கோயிலில் சமாதானம் நுழைந்ததும் அன்றுதான்! 2003இல் போப் இரண்டாம் அருள் சின்னப்பர், தம்மைக் காண வந்த தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தன் சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது. 2022இல் நமக்கு அண்டையிலுள்ள தெலுங்கு மண்ணில் பிறந்த அந்தோணி பூலா, தாழ்த்தப்பட்டோரிலிருந்து வந்த முதல் கர்தினால் ஆனார். இவற்றை எல்லாம் கொடுத்தது ஆண்டவன் கருணை அன்று. கல்லறையிலும் கோயில் வாசலிலும் நின்று பல்லாண்டு போராடிய தாழ்த்தப்பட்ட கிறித்துவர் பெற்றுத் தந்தவை.

நீதி வந்தால் அமைதி தானே வரும் என்பதற்கு வேதம் தேட வேண்டியதில்லை. நம் எல்லைக்கல்லே சான்று. இந்த ஊர் எந்த மாநிலத்துக்கு என்று பத்தாண்டுக்கு மேலாகக் கிளர்ச்சி நடந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடினர்; தமிழர் சிறை சென்றனர். பிறகு படாஸ்கர் நடுவராக அமர்ந்தார். ஊர் ஊராக மக்கள் பேசும் மொழியைப் பார்த்தார்கள். 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. திருப்பதி அங்கேயே நின்றது. ஆயினும் கணக்குப் பார்த்து, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, வாங்க வேண்டியதை வாங்கியதால், தெலுங்கு பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஒரே கடைத்தெருவில் இன்று காய்கறி வாங்குகிறார்கள். எந்தத் தேவனும் இறங்கிவந்து செய்த சமாதானம் அன்று அது. மனிதர் உட்கார்ந்து பேசிச் செய்த நீதி. இரண்டு மாநிலங்களுக்கு நடுவே இருக்கும் கோட்டை எளிதாகத் தாண்டி நடக்கிறோம். ஒரே ஊரின் இரண்டு தெருக்களுக்கு நடுவே இருக்கும் கோட்டைத் தாண்ட முடியவில்லை என்றால், வெட்கம் யாருக்கு?

தோழர்களே! நமக்குக் கடவுள் தேவையில்லை. ஆனால் கடவுளை நம்பும் தாழ்த்தப்பட்ட தோழனுக்கு நாம் தேவை. 1950 ஆணையின் மூன்றாம் பத்தி நீங்கும்வரை அவனோடு நின்று குரல் கொடுங்கள். உங்கள் ஊரில் கல்லறைத் தோட்டம் பிரிந்து கிடக்கிறதா, தேர் எந்தத் தெரு வரை வருகிறது, கோயில் நிர்வாகக் குழுவில் சேரி மக்கள் எத்தனை பேர் என்று விசாரித்து எழுதுங்கள். பாதிரியாரைக் கண்டால் வணங்குங்கள். வணங்கிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எபேசியருக்கு எழுதிய திருமுகம் உங்கள் பங்குக்கு வந்து சேர்ந்துவிட்டதா?

காணிக்கையைப் பீடத்தில் வைத்துவிட்டு வரச் சொன்னாரே அவர்களுடைய ஆண்டவர், அதைச் செய்யட்டும். முதலில் சேரிக்கு நடந்து வரட்டும். வரும் வழியில் சுவர் குறுக்கிட்டால், கடப்பாரை கொண்டுவர நாம் இருக்கிறோம்!